மச்சானின் பெயரில் ஒரு கோப்பு

பல்கலைக்கழகப் பேச்சுச் சிகிச்சை நிலையத்துக்கு முதல்நாள் போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. என் திக்குவாய் என்னைவிட நான்கு வயது இளையது. பதிவு மேசையில், "உங்கடை பேர்?" என்று கேட்டார்கள். திக்குகிறவனுக்கு ஆகக் கடினமான சொல் அவனுடைய சொந்தப் பெயர். வாய் பூட்டிக்கொண்டது. பின்னால் வரிசை. அவசரத்தில், வழுக்கிக்கொண்டு வந்த மச்சானின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

பிறகு திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். திருத்துவதானாலும் என் பெயரைத்தானே சொல்லவேண்டும்!

எனக்குச் சிகிச்சை தரக் கிடைத்தவள் இறுதியாண்டு மாணவி. வியாழன்தோறும் சுன்னாகத்தில் என் இரும்புக்கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவேன். அவள் வாசலுக்கு வந்து மச்சானின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் தரமும் இப்படி நடக்க, காதுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். "காது வடிவாக் கேக்குது அண்ணை," என்றாள், கவலையோடு.

எட்டு மாதம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஒருவர் குறுக்கே பாயாமல் இருந்தது அந்த அறையில்தான். என் பகிடிகளின் கடைசி வரியை மனைவியே சொல்லி முடிக்கிற வீட்டிலிருந்து போகிறவனுக்கு அது சொர்க்கம்.

ஒரு வியாழன் அவள் கோப்பை மூடினாள்.

"அண்ணை, இனி நீங்கள் வரத் தேவையில்லை."

"இப்பவும் திக்குதே, பிள்ளை?"

"திக்கினால் திக்கட்டும். சொல்ல நினைச்ச சொல்லை விட்டிட்டு வேறை சொல்லுக்கு ஓடக்கூடாது எண்டுதானே கதைச்சனாங்கள். நீங்கள் இப்ப ஓடுறேல்லை."

கோப்பின் அட்டையிலிருந்து மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுறன், பிள்ளை. உதிலை இருக்கிறது என்ரை பேரில்லை. மச்சான்ரை."

"அப்ப எட்டு மாசமா நான் ஆரைக் கூப்பிட்டனான்?"

"அவரைத்தான். அவர் வீட்டிலை நித்திரை."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மச்சானை ஒரே கோட்டில் வெட்டிவிட்டு, பேனாவுடன் காத்திருந்தாள். "சரி. உங்கடை பேர்?"

முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவுமில்லை. மூன்று துண்டாக, நடுத்துண்டு இரண்டு தரமாக, என் பெயர் வந்து சேர்ந்தது. அவள் அதை எழுதினாள்.

"இப்ப போகலாம், அண்ணை."

இன்றும் பஸ் அந்த வாசலில் நின்றால் ஒரு கால் தானாக இறங்கப் பார்க்கும். அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள்; என் கதிரையில் வேறு யாரோ இருப்பார்கள்.

கடைக்கு வருகிற போனை இப்போது என் பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறேன். மற்றப் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். அவசரக்காரர்கள் மச்சானுக்கு எடுக்கட்டும்.