கோடரி படுமுன் விழுந்த மரம்

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு மண்டபத்தில் பாடசாலைகளுக்கிடையிலான நாடகப் போட்டி. காலை பத்து மணிக்கே உள்ளே வெக்கை தாங்க முடியவில்லை.

எங்கள் நாடகம் காடழிப்பைப் பற்றியது. எழுதியதும் பழக்கியதும் நான்தான். மரம் வெட்டுகிறவனாக நடித்ததும் நான்தான். மரமாக நடித்தவள் என் உயிர்த்தோழி. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எங்கள் பெண்கள் பாடசாலையில் ஆறாம் ஆண்டிலிருந்து இருவரும் ஒரே வாங்கில்தான் இருப்போம்.

நெல்லுச் சாக்குகளை வெட்டி அவள் உடம்பைச் சுற்றிக் கட்டினேன். ஒத்திகையில் இரண்டு தடவை சாக்கு நழுவியதால் அன்றைக்குக் கயிற்றை நன்றாக இறுக்கினேன். காடு எரிகிற காட்சிக்குச் சாம்பிராணிப் புகை போடலாம் என்ற யோசனை எனக்குப் போட்டியன்று காலையில்தான் வந்தது. சொன்னதும் அவள் முகம் மாறியது.

"புகை கட்டாயம் வேணுமாகா?"

"அதுதான்கா நம்மட நாடகத்துக்கே உயிர்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு முகத்துக்குப் பச்சைச் சாயம் பூசப் போனாள்.

மேடையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. புகை பரவியதும் சனம் கைதட்டியது. நான் அட்டைக் கோடரியோடு மரத்தைச் சுற்றி வந்தேன். மூன்றாவது வெட்டில்தான் அவள் விழவேண்டும். நான் கோடரியை ஓங்கக்கூட இல்லை, அவள் விழுந்துவிட்டாள்.

எனக்கு வந்தது கோபம். இத்தனை நாள் பழகியும் சொதப்பிவிட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, விழுந்த மரத்தின்மேல் ஒரு காலை வைத்து வசனத்தைத் தொடங்கினேன். பாதத்துக்குக் கீழே அவள் நெஞ்சு வெட்டி வெட்டி இழுத்தது. குனிந்து பார்த்தேன். பச்சைச் சாயம் பூசிய முகத்தில் உதடு நீலமாக இருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது.

"திரைய மூடுங்க! இவளுக்கு மூச்சு வரல்ல!" என்று கத்தினேன்.

சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது. நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். மறுபடி கத்தினேன். அதற்கும் கைதட்டல். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். நானே போட்ட முடிச்சு, அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஹபாயா அங்கி போட்ட ஒரு தாய் மேடைக்கு ஓடி வந்தார். காத்தான்குடிக்காரர், தன் மகளின் நாடகம் பார்க்க வந்தவர் என்று பிறகுதான் தெரியும். "புகைய அணைங்க! படுக்க வைக்காதீங்க!" என்று அதட்டியபடி அவளைத் தூக்கித் தன் மடியோடு சாய்த்து இருத்தினார். கைப்பையிலிருந்து ஆஸ்துமா இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்தார்.

"என்ட மகளுக்கும் முட்டு இரிக்கி. பயப்படாதீங்க மகள். மெதுவா இழுங்க."

அவளால் இழுக்க முடியவில்லை. இரண்டு தடவை மருந்து வெளியேதான் போனது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அதற்குள் எங்கள் ஆசிரியை கத்தரிக்கோலோடு வந்து கயிற்றை வெட்டினார். சாக்கு விலகியதும் அவள் தொண்டையிலிருந்து கதவு கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மூச்சு!

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தத் தாயும் ஏறிக்கொண்டார். எங்களுக்கு அடுத்தது அவருடைய மகளின் நாடகம். அதைப் பார்க்காமலே வந்துவிட்டார். என் தோழிக்கு மருந்துப் புகை கொடுத்து முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இருந்தார்.

பின்னேரம்தான் அவளால் பேச முடிந்தது. "முட்டு இரிக்கெண்டு ஏன்கா சொல்லல்ல?" என்று அழுதேன்.

"சொன்னா மரத்த வேற ஆளுக்குக் குடுத்திருவாய் எண்டு பயம்," என்றாள்.

விளையாட்டுப் பாடத்தில் அவள் ஓடாமல் ஒதுங்கி நிற்கும்போதெல்லாம் சோம்பேறி என்று கேலி செய்தவள் நான். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இன்றைக்கும் நாங்கள் தோழிகள்தான். அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, இப்போது வேலையும் பார்க்கிறாள். நான் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். அந்த மேடை இப்போதும் நினைவில் வரும். ஆனால் மூச்சு அடைத்துப்போகும் என்று தெரிந்தும் என்னிடம் வாய் திறக்க அவள் பயந்தாளே, அதுதான் என்னை அதிகம் நடுங்க வைக்கிறது.