ஜெயந்தி சொன்ன ‘சரே’

அயர்லாந்தில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், டயாலிசிஸுக்கு வந்த ஒரு முதியவரிடம், “உங்களோடு யார் வந்திருக்கிறார்கள்?” என்று கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. “ஏன், அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன்?” என்றார். இங்கே நோயாளி டாக்சியில் தனியாக வருவார். இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து செய்தித்தாள் படிப்பார். முடிந்ததும் தனியாகவே வீட்டுக்குப் போவார். கூட ஆள் வந்தால்தான் ஏதோ விபரீதம். ஆந்திர எல்லையில், எங்கள் நகரிப் பக்கத்தில் ஆள் வராவிட்டால்தான் விபரீதம். ஒரு ஸ்கேன் எடுக்கத் திருப்பதிக்குப் போனாலும் சாப்பாட்டுக் கூடையோடு இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள்.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்று ஆராயும் குழு ஒன்றில் இப்போது வேலை செய்கிறேன். தமிழும் தெலுங்கும் தெரியும் என்பதால் போன ஆண்டு என்னைத் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொருவரையும் தனி அறையில் வைத்துப் பேச வேண்டும், கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஜெயந்தியை நான் உள்ளே அழைத்தபோது, கணவர் முரளியும் மாமியாரும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். முரளிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. நான் ஜெயந்தியைக் கேட்டதற்கெல்லாம் மாமியார்தான் பதில் சொன்னார். “அவதாம்மா கிட்னி தர்றா. டெஸ்ட்டெல்லாம் சரியாப் பூட்ச்சு. தங்கமான பொண்ணு.” ஜெயந்தி தலையாட்டினாள். முரளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டயாலிசிஸுக்கு முரளியைக் கூப்பிட்டார்கள். மாமியாரும் எழுந்து போனார். பேச்சைப் பதிவு செய்யும் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

“நீ இன்னாம்மா நெனைக்கிற?” என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். “என்னை யாரும் கேக்கலக்கா. நர்ஸம்மா தெலுங்குல வேகமா சொல்லிக்கினே போனாங்க. நான் எல்லாத்துக்கும் ‘சரே’ன்னேன்.”

“உனக்குத்தான் தெலுங்கு வருமே?”

“மார்க்கெட்ல பேரம் பேச வரும். பயமாக்கீதுன்னு சொல்ல வரலக்கா. எங்கம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போனவ, திரும்பி வரல. எனக்கு ரெண்டு பசங்க.”

கேட்பதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. டாக்டரைத் தனியாகப் பார்க்கலாம், தமிழ் தெரிந்த நர்ஸைக் கேட்டு வாங்கலாம், எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணத்தை ஆஸ்பத்திரியில் யாரும் வீட்டாரிடம் சொல்ல மாட்டார்கள் என்றேன்.

“அப்போ அவரு?” என்று கேட்டாள்.

அவள் டாக்டரிடம் போகவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே, பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று முரளியிடம் சொல்லிவிட்டாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். “நானும் வேணாம்னுதான் நெனைச்சிக்கினு இருந்தேன், நீ சரேன்னதால வாய மூடிக்கினேன்னு அழுதுட்டாருக்கா.” மாமியார் அவளோடு பேசுவதில்லையாம், தட்டில் சோறு மட்டும் வைக்கிறாராம். வேறு சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். டயாலிசிஸ் நாட்களில் ஜெயந்தி இன்னும் அவரோடு திருப்பதிக்குப் போய் வருகிறாள். கிடைக்குமா என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லை மீறிவிட்டாய் என்று குழுத் தலைவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்டில் தமிழ் பேசும் நர்ஸ் ஒருத்தி இருந்திருந்தால், ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்ற கேள்வி வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

சென்ற வாரம் இங்கே அலுவலகத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜெயந்தியின் பேச்சை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மழை பெய்தது. பக்கத்து மேசை பிரிஜிட், சாப்பிட்டாயா என்று கேட்டாள். என்னை அறியாமல், சாப்பிட்டுவிட்டேன் என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் “துன்ட்டேன்” என்றேன். அவள் காதில் அது ‘டன்’ என்று விழுந்திருக்க வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, “கிராண்ட்!” என்று இந்த ஊர் ‘சரி’யைச் சொல்லிச் சிரித்து, போகிற போக்கில் என் பக்கத்து விளக்கையும் அணைத்துவிட்டுப் போனாள். இருட்டில், என் காதுக்குள், ஜெயந்தி பேசிக்கொண்டே இருந்தாள்.