வெர்னா தொடாத லாமா

அமெரிக்காவில் எங்கள் ஒரிகன் பக்கம், ஒட்டகச் சாதியைச் சேர்ந்த லாமாவை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஆசை தீர்ந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பக்கத்துப் பண்ணை வெர்னா டில்லட்சன்தான். வயது அறுபத்தொன்று, தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். வீட்டை விற்றவர்கள், மணமுறிவு ஆனவர்கள், ஆட்டுக்குக் காவலாக வாங்கிவிட்டுப் பயந்துபோனவர்கள் எல்லோரும் அவள் வாசலில்தான் கொண்டுவந்து கட்டுவார்கள். அவளும் நகம் வெட்டி, மயிர் கத்தரித்து, துணையாக வைத்துக்கொள்ள நல்ல வீடாகப் பார்த்து அனுப்புவாள். இதுவரை முப்பத்தேழு. அதில் கடைசி லாமாவைக் கெடுத்து வைத்த புண்ணியவான் நான்தான்.

எங்கள் பெண் லாமா, பட்டன் என்று நாங்கள் பெயர் வைத்த குட்டியை ஈன்ற அன்றே செத்துவிட்டது. நானும் என் மனைவி ஐரீனும் குட்டியை அடுப்படியில் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுத்தோம். என்னோடு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும். ஆண் குட்டியைக் கொஞ்சாதே, மற்ற லாமாக்களோடு விட்டுவிடு என்று வெர்னா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பொறாமை என்று ஐரீனிடம் சொன்னேன்.

புட்டியில் வளர்ந்த ஆண் லாமா மனிதனையும் லாமா என்றே நினைத்துக்கொள்ளும். வயது வந்ததும் சண்டைக்கு இன்னொரு ஆணைத் தேடும், அகப்படுவது வளர்த்தவன்தான். இரண்டாம் வயதில் பட்டன் என்னை நெஞ்சால் முட்டித் தள்ளி மேலேயே உட்கார்ந்துகொண்டான். விலா எலும்பு இரண்டு முறிந்தது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார் கால்நடை மருத்துவர். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெர்னா வேலியருகே வந்து நின்றாள். "தப்பு பண்ணது நீ. ஊசி மட்டும் அவனுக்கா?"

பட்டனைத் தன்னிடம் விடும்படி மருத்துவரிடம் கேட்டாள். மருத்துவர் ஒரு வருடம் கெடு கொடுத்தார். அதற்குள் இன்னொரு ஆளை முட்டினால் ஊசிதான் என்றார். அவள் ஒப்புக்கொண்டாள்.

பட்டனைக் காயடித்து, மூன்று கிழட்டு ஆண் லாமாக்களோடு விட்டாள். அவர்கள் மென்ற புல்லை அவன் முகத்தில் பச்சையாகத் துப்பினார்கள், கழுத்தால் அழுத்திப் படுக்கவைத்தார்கள், கொட்டத்தை அடக்கினார்கள். வெர்னாவின் வேலைதான் கஷ்டம். தினமும் கையில் ஒரு பலகையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போய்ப் புல்லைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். தொடுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் கதவருகே நின்று ம்ம்ம் என்று முனகுவான். அவள் பாட்டுக்குக் கடந்து போவாள். உனக்கென்ன கல்நெஞ்சா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா கிளைட்? அந்தக் காதைப் பாத்தாலே கை துறுதுறுங்குது," என்றாள். "நான் தொட்டா செத்துடுவான்யா."

வருடம் முடிந்து மருத்துவர் பையோடு வந்தார். யார் உள்ளே போவது என்று கேட்டார். முட்டு வாங்கினவன்தான் போக வேண்டும் என்று வெர்னா என்னைக் காட்டினாள். உள்ளே போனேன். பட்டன் தலையைத் தூக்கினான். நேராக என்னைப் பார்த்து வந்தான். ஒரு கை தூரத்தில் நின்று, கழுத்தை நீட்டி, என் மூக்கில் மெல்ல மூச்சு விட்டான். லாமாக்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் விதம் அது. பிறகு திரும்பிப் போய்க் கிழவர்களோடு புல் தின்ன ஆரம்பித்தான். மருத்துவர் பையைத் திறக்கவே இல்லை.

இனிமேல் நீ தொடலாமே என்றேன் வெர்னாவிடம். "எதுக்கு? அவனுக்குத்தான் மூணு பேர் இருக்காங்களே," என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அப்படி ஒரு பெருமையை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

அடுத்த வசந்தத்தில் பட்டனுக்குத் தலைக்கயிறு பழக்கி, துணைக்கு அந்தக் கிழட்டு லாமாக்களில் ஒன்றையும் சேர்த்து, ஒரு பள்ளி ஆசிரியை வீட்டுக்கு அனுப்பினாள். எவ்வளவு சாது, யார் வளர்த்தது என்று அந்தம்மா கேட்டார். மடியில் வைத்துப் பால் புகட்டிய நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

"இவங்கதாங்க வளர்த்தாங்க," என்று வெர்னாவைக் காட்டினேன்.