எட்டாத மிளகு டப்பா

எங்கள் வீட்டில் மிளகு டப்பா அடுப்படியின் மேல்தட்டில் இருக்கிறது. எனக்கு எட்டாது. அங்கே வைத்தது அண்ணி, என் அண்ணன் பெண்டாட்டி. என்னைவிட ஒரு சாண் உயரம். முன்பு அது உப்புக்குப் பக்கத்தில் கைக்கு வாகாக இருந்தது.

மாட்டுக்கு உண்ணி எடுப்பது அண்ணியின் வேலை. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு, மாட்டின் காதுமடலிலும் மடியோரத்திலும் தடவித் தடவி எடுத்துப் போடுவாள். அவளையும் கடிக்கும். சொறிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். குறுவை அறுத்து முடித்திருந்த ஒரு காலை, தன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒன்றை நகத்தால் நசுக்கிப் பிடுங்கினாள். கொட்டகையிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. உதடும் வீங்கிவிட்டது.

உடம்பு திடீரென்று தடித்தால் எங்கள் பக்கம் காணாக்கடி என்போம். எது கடித்தது என்று தெரியாத கடி. வெற்றிலையில் மிளகை வைத்து மென்று விழுங்கச் சொல்வோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "காணாக்கடிதான் அண்ணி, மெல்லுங்க" என்று வாயில் வைத்தேன். துப்பிவிட்டு உள்ளங்கையை விரித்தாள். நசுங்கிய உண்ணி இருந்தது.

"கண்ணால பாத்துட்டேன்... இது எப்புடிடி காணாக்கடி?"

பாதி காற்றாகத்தான் வந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. இன்னொரு வெற்றிலையை மடித்துத் திணித்தேன். மிளகு தொண்டையில் சிக்கி இருமினாள். உதடு கருத்தது. அப்போதுதான் அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன்.

அண்ணன் வண்டியை ஓட்ட, அவளை நடுவில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆற்றங்கரை ரோடு முழுக்க அவள் மூச்சு விசில் மாதிரி என் நெஞ்சில் கேட்டது. திருக்காட்டுப்பள்ளி ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பியது. "பல தடவை கடிபட்ட உடம்பும்மா, இந்தத் தடவை ஒத்துக்கல. இனிமே அவங்கள உண்ணிகிட்ட விடாதீங்க. மூச்சு அடச்சா வாயில எதையும் குடுக்காம உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். அண்ணி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவை எடுத்து மேலே வைத்தாள். "அண்ணன் பொண்டாட்டியக் கொன்ன மொளகுன்னு ஊர் சொல்லிருக்கும்டி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உண்ணி எடுப்பது நான். அண்ணி கொட்டகைக்குள் வருவதில்லை. வேலிக்கு வெளியே நின்று, "மடிக்குக் கீழ பாத்தியா?" என்று அதட்டுவாள்.

ரசம் வைக்க மிளகு வேண்டும். ஸ்டூல் இருக்கிறது, போட்டு ஏறினால் எட்டும். ஏறியதில்லை. அண்ணி என்று கூப்பிடுகிறேன். வருகிறாள்.