ஸ்ரீரங்கத்தில் வீடு, பொன்மலையில் ஓட்டம்

ஸ்ரீரங்கத்தில் ஒருவன் விடியற்காலையில் ஓடினால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வைத்தியரைக் கூப்பிட ஓடுவார்கள், துக்கச் செய்தி சொல்ல ஓடுவார்கள், மிஞ்சிப்போனால் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். காரணமே இல்லாமல் ஓடுகிறவனை இந்த ஊர் பார்த்ததில்லை. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், காக்கி அரைக்கால் சட்டையோடு எங்கள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தபோது, கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி மாவுக் கையோடு நடுத்தெருவுக்கே வந்து வழிமறித்துவிட்டாள்.

"யாருக்குடாப்பா உடம்பு? அப்பாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லே மாமி. வேலைக்குப் போறேன்."

"வேலைக்குப் போறதுக்கு ஏன் ஓடறே? நாழியாயிடுத்தா?"

"நாழி நிறைய இருக்கு. அதனாலதான் ஓடறேன்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். மறுநாள் அப்பாவிடம் வந்து, "உங்க பிள்ளைக்கு பர்மாவிலேர்ந்து நடந்து வந்ததிலே ஏதோ பயம் புடிச்சிண்டிருக்கு. தூக்கத்திலே எழுந்து ஓடறான் போலிருக்கு. யாரையாவது கூப்பிட்டு மந்திரிச்சுப் பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். இந்த ஊருக்கு வந்தபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே மாமிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ரங்கூனிலிருந்து கிளம்பி இன்று எந்தெந்த ஊரிலோ ஒண்டிக்கொண்டிருக்கும் உங்களில் சிலருக்கு என்னை நினைவிருக்கலாம். ராயல் லேக் ஏரிக்கரையில் காலை வேளையில் ஒரு பையன் ஓடுவான், பக்கத்திலேயே நாமம் போட்ட ஒருவர் சைக்கிளில் வருவார். பையன் நான், சைக்கிள்காரர் அப்பா. மரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் அவர். ஓட்டப் பந்தயத்தைப் பற்றி எந்தப் புத்தகமும் படித்ததில்லை. ஆனால் ஒரு கையில் ஹாண்டில்பாரையும் மறு கையில் பாக்கெட் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டு, நான் தளரும் இடத்தில் எல்லாம் "ம்யான் ம்யான்" என்று கத்துவார். சீக்கிரம், சீக்கிரம் என்பதற்குப் பர்மாக்காரர்கள் சொல்லும் வார்த்தை. வீட்டில் சுத்தத் தமிழ் பேச வேண்டும் என்று அம்மாவையும் என்னையும் கண்டிக்கும் மனிதருக்கு அந்த நேரத்தில் மட்டும் பர்மியம்தான் வாயில் வரும். ஏரிக்கரையில் பூ விற்கும் பெண்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் கத்துவார்கள். எதற்கு ஓடுகிறாய் என்று அங்கே என்னை யாரும் கேட்டதில்லை. அந்நியன் என்ற பொருளில் 'கலா' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறார்கள், அது வேறு கதை. இங்கே நான் பர்மாக்காரன். இரண்டு ஊரிலும் எனக்கு வெளியூர்ப் பெயர்தான் கிடைத்தது.

அப்பாவுக்கு அப்படியில்லை. அவர் இந்த ஊரில் பிறந்து, இந்தத் தெருக்களில் விளையாடி, இளவயதில் கப்பலேறிப் போனவர். ரங்கூனில் ஜப்பான்காரர்களின் குண்டு விழ ஆரம்பித்ததும் ஆயிரக்கணக்கான பேரோடு நாங்களும் நடந்தே கிளம்பினோம். அம்மா வழியில் காலராவில் போய்விட்டாள். அவளை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று இன்று கேட்டால் எனக்கு அந்த இடத்தின் பெயர் கூடத் தெரியாது. அதற்குப் பிறகு அப்பாவின் கால்கள் வீங்கி, ஒரு மலைச்சரிவில் இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் கைகூப்பி, "ரங்கா, என்னை உன் ஊர்லே கொண்டு சேர்த்துடு. அப்புறம் நான் ஆத்தைத் தாண்டமாட்டேன்" என்று சொன்னார். நான் பக்கத்திலிருந்து கேட்டேன். பிறகு அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். எப்போதும் வேகத்தையே பழகிய கால்கள் எனக்கு. அந்தச் சில வாரங்களில் அவை மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டன.

இங்கே வந்து சேர்ந்ததும் அப்பா சன்னிதியில் நின்று அந்த வாக்கை முறைப்படி எடுத்துக்கொண்டார். க்ஷேத்ர சந்நியாசம் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். காவி கட்டுவதில்லை, வீட்டைத் துறப்பதில்லை. உயிர் இருக்கும்வரை இந்தத் தலத்தை விட்டு வெளியே போவதில்லை, அவ்வளவுதான். ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருப்பதால் எல்லையைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கல்யாணமோ சாவோ, எதற்காகவும் அக்கரையில் கால் வைக்கக் கூடாது.

எனக்கு வேலை கிடைத்தது அக்கரையில், பொன்மலை ரயில்வே பட்டறையில், குமாஸ்தாவாக. யுத்தத்தினால் சைக்கிள் டயர் கிடைப்பதில்லை. பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ் ஒன்று உண்டு. முதுகில் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு வரும். காவிரிப் பாலத்து ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கும், சில நாள் நாமே இறங்கித் தள்ள வேண்டும். காசு கொடுத்துத் தள்ளுவதைவிட ஓடிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆபீஸ் துணியை ஒரு பையில் சுருட்டி முதுகில் கட்டிக்கொள்வேன். கோயிலைச் சுற்றிய தெருக்களில் செருப்போடு போனால் அப்பாவுக்குப் பிடிக்காது, ஆகையால் கான்வாஸ் ஷூவைக் காவிரிப் படித்துறையான அம்மாமண்டபம் தாண்டியபிறகுதான் மாட்டுவேன். பாலம், சிந்தாமணி, மெயின்கார்டு கேட், பாலக்கரை, பிறகு பொன்மலை. பட்டறைச் சங்கு ஊதுவதற்குள் குழாயடியில் குளித்துவிட்டு மேஜைக்குப் போய்விடுவேன். சாயங்காலம் பட்டறை மைதானத்தில் ஓட்ட அணியில் மற்றவர்களோடு பயிற்சி. அது முடிந்து வீடு திரும்பும்போது ஓட முடியாது, நடை கூட இழுத்துக்கொண்டுதான் வரும். அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

உடம்புக்குத் தெரிந்துவிட்டது. முதல் சில மாதங்கள் தூரம் எனக்குப் பலம் கொடுத்தது உண்மை, அதன்பிறகு எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. மைல் ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் கால் வரவில்லை. எங்கள் அணியைப் பார்த்துக்கொள்ளும் லோபோ துரை பொன்மலையிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ-இந்தியர், நல்ல மனிதர், பொறுமை மட்டும் குறைவு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஓட்டத்தையெல்லாம் ரோட்டுலயே கொட்டிட்டு வர்றே. கிரவுண்டுக்கு மிச்சம் இல்லே. க்வார்ட்டர்ஸ் வாங்கித் தர்றேன், இங்கேயே வந்துடு."

"அப்பா இருக்கார் சார்."

"அவரையும் கூட்டிட்டு வா."

"அவர் ஆத்தைத் தாண்டமாட்டார் சார்."

"நடக்க முடியாதா? ஜட்கா வண்டி அனுப்பறேன்."

"நடப்பார் சார். தாண்டமாட்டார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தண்ணின்னா பயமா? பாலம் கெட்டியாத்தானே இருக்கு!" என்றார். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. அப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ரயில்வேப் பந்தயங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. மாதக் கடைசிக்குள் பொன்மலைக்கு வராவிட்டால் அணியில் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஓட வேண்டும். இதை நான் மழுப்ப விரும்பவில்லை. வீடு, அம்மா, சினேகிதர்கள் எல்லாம் போனபிறகு ரங்கூனிலிருந்து என்னோடு வந்தது இந்த இரண்டு கால்கள்தான். குமாஸ்தா வேலை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பொன்மலைக்குப் போய்விடுவது என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த நாட்களில்தான் அப்பா பழையபடி கடிகாரத்தை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்ப ஆரம்பித்தார். முதலில் தெருமுனை வரை வந்தார். பிறகு அம்மாமண்டபம் வரை. கடைசியில் பாலத்தின் வடக்கு முனையில் நின்றுகொண்டார். நான் பாலத்தை முழு வேகத்தில் ஓடிக் கடந்து, தெற்கு முனையில் கையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். சாயங்காலம் வந்ததும் நேரத்தைச் சொல்வார். இதனால் சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அன்று நான் பாலத்தில் கால் வைக்கும்போது கரி பஸ்ஸும் திணறிக்கொண்டு வந்து சேர்ந்தது. உள்ளே பட்டறை ஆட்கள். என்னைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "விடாதீங்க சாமி! பஸ்ஸை முந்துங்க!" என்று கூச்சல் போட்டார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பஸ் ஒரு அடி முன்னால், நான் ஒரு அடி முன்னால் என்று பாலம் முழுக்கப் போட்டி. கடைசியில் அதை முந்திக்கொண்டு சிந்தாமணிப் பக்கம் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். அப்போது பின்னாலிருந்து, "ம்யான் ம்யான்! ம்யான் ம்யான்!" என்று குரல் கேட்டது.

அப்பா ஓடிவந்துகொண்டிருந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார், மேல்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது, கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த முகத்தை நான் ரங்கூனுக்குப் பிறகு பார்த்ததே இல்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என்ன நடந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும், அப்படியும் சந்தோஷம்தான் வந்தது.

"போன வாரத்தைவிடக் குறைச்சல்டா!" என்று சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்தார். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். கடைகளைப் பார்த்தார், திரும்பி ஆற்றைப் பார்த்தார், அதற்கு அப்பால் மரங்களுக்கு மேலே தெரிந்த கோபுரத்தைப் பார்த்தார். தன் காலடியைக் குனிந்து பார்த்தார்.

"தாண்டிட்டேனேடா" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாலத்து முனையில் திணறி நின்றிருந்த பஸ் மறுபடி கிளம்பி எங்களைக் கடந்து போனது, உள்ளே இருந்தவர்கள் கைதட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் பூக்கடை போட்டிருந்தவர் ஓடிவந்து, "பெரியவருக்கு மயக்கமா? தண்ணி குடிங்க சாமி" என்று செம்பை நீட்டினார். அப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இந்தக் கரையில் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. நான் வேலைக்குப் போகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் திரும்பக் கடந்தேன். மலைச்சரிவில் நடந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. அம்மாமண்டபத்தில் ஈரத் துணியோடு வெகுநேரம் தண்ணீரிலேயே நின்றார். அன்று முழுவதும் பட்டினி.

அவரே போய்க் கோயில் பெரியவர்களிடம் சொன்னார். தெரியாமல் நேர்ந்ததற்குத் தோஷமில்லை, ஸ்நானம் செய்தாயிற்று, பெருமாளைச் சேவித்துவிட்டுப் பழையபடி இருக்கலாம் என்று அவர்கள் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலை அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக்கொண்டார்.

"தெரியாம பண்ணினதுக்குத் தோஷமில்லைங்கறா. அவாளுக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த நேரத்துலே பெருமாள் ஞாபகம் இல்லேடா. இந்த ஊர் ஞாபகமே இல்லே. ஏரிக்கரை, சைக்கிள், நீ, அவ்வளவுதான். சீக்கிரம் ஆத்துக்குப் போகணும், உங்கம்மா காபி போட்டு வெச்சிண்டு காத்துண்டிருப்பாளேன்னு நெனச்சிண்டு ஓடி வந்தேன்."

அம்மாவைப் பற்றி அவர் வாயைத் திறந்து பேசியது அன்றுதான்.

"நீ என் கண்ணெதிரே ஓடினா நான் மறுபடியும் தாண்டுவேன். என்னாலே நிக்க முடியாது. நீ பொன்மலைக்குப் போயிடு."

இத்தனை நாளாக எதைச் சொல்ல முடியாமல் தவித்தேனோ அதை அவரே சொல்லிவிட்டார். அந்த அனுமதியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு அது வேண்டாததாகிவிட்டது. "நான் ஓடறதை விட்டுடறேன்பா" என்றேன்.

"அதுவும் போகணுமா?" என்றார். "போனதெல்லாம் போதும். நீ ஓடு. நான் பார்க்காத எடத்துலே ஓடு."

இப்போது க்வார்ட்டர்ஸில் இருக்கிறேன். வாசலைத் தாண்டினால் மைதானம். கால்கள் தேறிவிட்டன. பந்தயத்தில் மைல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். லோபோ துரை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அப்பா எப்படியிருக்கிறார் என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். அப்பாவின் சாப்பாட்டை எதிர்வீட்டு மாமி பார்த்துக்கொள்கிறாள். நான் எத்தனையாவதாக வந்தேன் என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள். ஊர் திரும்பியவர் அவர், ஊர் விட்டு வந்தவன் நான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது அதை அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் விடிவதற்கு முன்பே பொன்மலையிலிருந்து கிளம்பி ஓடுகிறேன். பாலக்கரையில் வெளிச்சம் வரும், மெயின்கார்டு கேட்டில் கடை திறப்பார்கள், சிந்தாமணிக்கு வரும்போது உடம்பு நன்றாகச் சூடேறியிருக்கும். இன்னும் ஓடு என்று கால் கெஞ்சும். பாலம் ஆரம்பிக்கும் இடத்தில் நின்று, மூச்சை அடக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிறேன். வேகமாகக் கூட நடப்பதில்லை. வடக்கு முனையில் அப்பா கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, நான் நடந்து வருவதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறார்.