கலம்பிர் வீட்டு ஆட்டுத்தலை

போதைச் சட்டத் திருத்தத்தை எங்கள் சூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் ஆட்டுத்தலை கெடுத்துவிட்டதாகச் சந்தையில் பேச்சு. சட்டத்தை எத்தனையோ பெரிய தலைகள் கெடுத்ததுண்டு; வெந்த தலை கெடுத்ததாகக் கேட்டதில்லை. விசாரிக்கக் கலம்பிர் வீட்டுக்குப் போனேன்.

கலம்பிர் நெடுஞ்சாலையோரம் குதிரைப்பால் விற்பவள். அவள் மகன் சமாத், ஓடிப்போன குதிரைகளைத் தேடி, ஆளுயரம் காட்டுக்கஞ்சா மண்டிய வெளிக்குள் சவாரி போனான். திரும்பும்போது சேணத்துணியெல்லாம் கஞ்சாப் பிசின். போலீஸ் பிசினைத் துணியோடு சேர்த்தே எடை போட்டது. ஆறு வருஷம் சிறை.

"குதிரை முதுகு நோகுமேன்னு நான்தான் தடியாத் தைச்சேன்" என்றாள்.

'துணியை நிறுக்காதே, பொருளை நிறு' என்று நாடாளுமன்றத்தில் மன்றாடும் உறுப்பினர் அசில்கான், சமாத்தின் கதையைக் கேட்க வருவதாகச் சொல்லியனுப்பினார். நிஜமான அக்கறைக்காரர், சங்கடமே அதுதான். அதே சமயம், சமாத் முன்கூட்டியே விடுதலையாக வட்டாரப் போலீஸ் அதிகாரி ஜார்முகான் ஒரு நற்சான்றில் கையெழுத்திட வேண்டியிருந்தது. கலம்பிர் இருவரையும் ஒரே நாளில் விருந்துக்கு அழைத்துவிட்டாள்.

"ஒரே ஆடு, ரெண்டு காரியம்னு நினைச்சேன்."

எங்கள் விருந்தில் வெந்த தலை மூத்த விருந்தாளிக்கு உரிய மரியாதை; ஆட்டுக்கோ தலை ஒன்றுதானே. ஜார்முகான் வயதில் மூத்தவர், தாய்வழி உறவும்கூட. ஆனாலும் தலைநகரத்திலிருந்து வந்தவர் என்று அசில்கான் முன்னால் வைத்துவிட்டாள். அவர் பெரியவர் பக்கம் தட்டை நகர்த்தியிருக்க வேண்டும். பட்டணத்துப் பிள்ளை, காதை அறுத்து வாயில் போட்டுக்கொண்டு, "போலீஸைத் திருத்தாம சட்டத்தை மட்டும் திருத்தி என்ன பிரயோஜனம்?" என்று ஆரம்பித்தார்.

ஜார்முகான் தேநீர்க் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தார். "கழுத்துக்கறி இருந்தாப் போடும்மா. தலைதான் தீந்துபோச்சே."

கையெழுத்து வரவில்லை. சமாதானம் பேச, கலம்பிர் இன்னோர் ஆட்டை அடித்து, தலையை வேகவைத்து அவர் வீட்டுக்கே எடுத்துப்போனாள். கண்ணைக்கூட விடாமல் சாப்பிட்டார்.

"உம்மேல எனக்கென்ன கோபம், தங்கச்சி? உங்க எம்.பி. மசோதா கொண்டுவந்துட்டாரே. அது முடியுற வரைக்கும் இந்த மாதிரி கேஸ் எதையும் தொடக்கூடாதாம். மேலிடத்து உத்தரவு."

"எப்ப முடியும்ணே?"

"அவரையே கேளு. முதல் தலை அவருக்குத்தானே."

அசில்கானைத் தொலைபேசியில் பிடித்தேன். "மசோதா இன்னும் குழுவுல இருக்குங்க. சமாத் பேரைச் சபையில எத்தனை தடவை சொல்லிட்டேன் தெரியுமா?" குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை.

ஆக, வதந்தி பொய். திருத்தம் சுகமாக இருக்கிறது. வளர்ந்துகொண்டும் இருக்கிறது. சமாத்தான் உள்ளே இருக்கிறான்.

இரண்டாவது ஆடு பக்கத்து வீட்டுக் குவானிஷுடையது, கைமாற்று. நான் கிளம்பும்போது அவன் வேலிமேல் சாய்ந்தபடி கலம்பிரிடம் சொன்னான்: "ஆட்டுக்கு ஒண்ணும் அவசரமில்லக்கா. சமாத் வந்து ஓட்டிவிட்டாப் போதும்."

கலம்பிர் தலையாட்டினாள். இப்போதெல்லாம் அவள் பால்கடைக்கு அந்த வேலிப்பக்கம் போவதில்லை. ஓடையைச் சுற்றித்தான் போகிறாள்.