தோள் நுழையும் அகலம்

ஏரல் பக்கத்து ரசாயன ஆலைக்குப் புதிதாக வாங்கும் அழுத்தக் கலன்களுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. தகட்டின் கனமெல்லாம் கணக்குப்படிதான். ஆள் உள்ளே இறங்கும் மேன்ஹோலை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதுவேன்.

என் கணவர் இதே ஆலையில் வெல்டராக இருந்தவர். கலனுக்குள் இறங்கிய நாளெல்லாம் தோளைச் சிராய்த்துக்கொண்டு வருவார். நான் தேங்காயெண்ணெய் தடவும்போது, "ஏட்டி, எழுதுததுதான் எழுதுதே, கொஞ்சம் பெருசா எழுதேன்" என்பார். இப்போது குவைத்தில் அதே வேலை.

இன்று கலன் செய்துதருபவர் போனில், "எதுக்கு மேடம் இம்புட்டுப் பெருசு? செலவு கூடுமே" என்றார்.

"ஆள் இறங்கணும்லா அண்ணாச்சி!" என்றேன் வெடுக்கென்று.

தினமும் வீடியோ காலில் அவர் முகம் தெரிகிறது. தோளைக் காட்டச் சொன்னால், சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறார்.